ஸ்பெயினின் கோட்டை ஊர்கள்: காஸ்டீலா, அரகோனா, எஸ்த்ரெமதுராவா?

மட்ரித்தில் இறங்குகிறீர்கள், கையில் ஏழு இரவுகள். பார்சலோனாவும் செவில்லும் இந்த முறை வேண்டாம். குன்றின் மேல் கோட்டை, அதன் காலடியில் கல் வீடுகள், பொழுது சாய்ந்தால் கோயில் மணி என்று நாட்டுப்புற ஸ்பெயினைப் பார்க்கலாம் என்று முடிவும் செய்துவிட்டீர்கள். நல்ல முடிவுதான். எந்தப் பக்கம் போவது என்பதில்தான் தலைவலி. அந்த நாட்டு வரைபடத்தை விரித்தால் கோட்டைக் குறி இல்லாத மாவட்டமே கிடையாது.

ஒரு வாரத்துக்கு நியாயமாக எடுத்துக்கொள்ளக்கூடிய திசைகள் மூன்று. மட்ரித்துக்கு வடக்கே செகோவியாவையும் வயதோலிதையும் சுற்றியிருக்கும் காஸ்டீல். வடகிழக்கே தெருவேலிலிருந்து பிரனீஸ் மலையடிவாரம் வரை நீளும் அரகோன். மேற்கே போர்ச்சுகல் எல்லையைத் தொடும் எஸ்த்ரெமதுரா. மூன்றையும் ஒரே வாரத்தில் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பார்க்கலாம், கார் கண்ணாடி வழியாக.

முதல் பயணத்தில் நான் செய்த தப்பும் அதுதான். காஸ்டீலில் இரண்டு நாளில் ஐந்து கோட்டை என்று பட்டியல் போட்டுக்கொண்டு போனேன். ஒன்று திங்கட்கிழமை விடுமுறை. இன்னொன்றை மதிய இடைவேளைக்காகப் பூட்டிக்கொண்டிருந்தபோது போய்ச் சேர்ந்தேன். மற்ற மூன்றும் இப்போது நினைவில் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. எந்தக் கோபுரத்தில் எந்தப் படிக்கட்டு என்று புகைப்படத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடிகிறது. அந்தப் பயணத்தில் தெளிவாக மனதில் நிற்பது, வேறு அறை கிடைக்காமல் ஒரு சின்ன ஊரில் தங்க நேர்ந்த இரவு மட்டும்தான். மாலை ஆறரைக்குச் சுற்றுலாப் பேருந்துகள் போனபிறகு அந்த ஊர் வேறு ஊராகிவிட்டது. அதனால் இந்த ஒப்பீட்டில் கோட்டைகளின் எண்ணிக்கையை நான் பெரிதாகப் பார்க்கவில்லை. எந்த ஊரில் இரவு தங்கப்போகிறோம், அங்கே பகலில் எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது, இதுதான் என் அளவுகோல்.

காஸ்டீல்: பக்கம், பகட்டு

காஸ்டீல் என்ற பெயரே கோட்டையிலிருந்து வந்தது. ஆனால் இன்று அங்கே முழுசாக நிற்கும் கோட்டைகளில் பல, நாம் கற்பனை செய்யும் எல்லைக் காவல் கோட்டைகள் அல்ல. அவை எழும்பிய 15ஆம் நூற்றாண்டில் போர்முனை தெற்கே கிரனாடா பக்கம் எப்போதோ போய்விட்டது. கட்டியவர்கள் பிரபுக்களும் பேராயர்களும். ஒருவரையொருவர் மிரட்டவும், அரசரிடம் தங்கள் கையிருப்பைக் காட்டவும் கட்டினார்கள். நம் ஊர்ப் பெரிய வீடுகளில் திண்ணைத் தூணின் பருமனைப் பார்த்தே செல்வாக்கை அளப்பார்களே, கிட்டத்தட்ட அந்தக் கணக்கு.

இதற்குக் கோக்காவைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. செவில் பேராயராக இருந்த அலோன்சோ தெ ஃபொன்சேகாவின் குடும்பக் கோட்டை அது. முழுக்கச் செங்கல். முஸ்லிம் கைவினை மரபில் வந்த முதேகார் பாணி வேலைப்பாடு. இளஞ்சிவப்புச் செங்கல்லை நெளிநெளியாக அடுக்கிக் கொத்தளங்களைப் பின்னியிருக்கிறார்கள். சுற்றிலும் நீரில்லாத ஆழமான அகழி. பீரங்கி வந்துவிட்ட காலத்தில் செங்கல்லில் இவ்வளவு நகாசு வேலை செய்தவருக்கு முற்றுகையைவிட விருந்தாளிகளைப் பற்றிய நினைப்பே அதிகம் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

வடக்கே பெனியாஃபியேல் வேறு மாதிரி. ஒடுங்கிய குன்றின் முதுகில் 210 மீட்டர் நீளத்துக்குக் கப்பல்போல் நீண்டு கிடக்கிறது. அகலம் முப்பது மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். உள்ளே வயதோலித் மாவட்டத்தின் ஒயின் அருங்காட்சியகம். கீழே தெரிவதெல்லாம் ரிபேரா தெல் துவேரோ திராட்சைத் தோட்டங்கள். ஒயின் குடிக்காதவர்களும் மேலே ஏறிப் பார்க்கலாம்; காட்சிக்காகவே ஏறுகிறவர்கள் நிறைய.

செகோவியா நகரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ரோமானியர் கட்டிய நீர்ப்பாலமும் அல்காசர் கோட்டையும் எல்லா நாட்காட்டியிலும் உண்டு. ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும்: 1862இல் அல்காசர் தீப்பிடித்து எரிந்தது. நீங்கள் இன்று அண்ணாந்து பார்க்கும் கூரைகளும் உள்ளே மின்னும் விதானங்களும் பெரும்பாலும் அதற்குப் பின் மறுபடி செய்தவை. 1474இல் இசபெல் அரசியாக முடிசூட்டிக்கொள்ளப் புறப்பட்ட ஊர் என்ற பெருமைக்கு அதனால் ஒன்றும் குறைவில்லை. இருந்தாலும் பழைய கல்லைத் தொட்டுப் பார்க்க வந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம்.

இந்தப் பகுதியில் இரவு தங்க நான் கைகாட்டும் ஊர் பெத்ராசா. செகோவியாவிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள்தான். மதில் சூழ்ந்த ஊர். உள்ளே போக ஒரே ஒரு வாசல். அந்த வாசல் கோபுரத்திலேயே பழைய சிறைச்சாலை. ஊருக்குள் வருகிற ஒவ்வொருவரும் கைதிகளின் தலைமாட்டைத் தாண்டாமல் வந்திருக்க முடியாது. ஊர்க்கோடியில் இருக்கும் கோட்டையில்தான் பிரான்ஸ் மன்னர் முதலாம் ஃபிரான்சிஸின் இரண்டு பையன்களைப் பிணைக்கைதிகளாக அடைத்து வைத்திருந்தார்கள். தகப்பன் பவியா போரில் தோற்றுப் பிடிபட்டார், அவரை விடுவிக்கப் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களில் சின்னவர் பின்னாளில் இரண்டாம் ஹென்றியாக அரியணை ஏறினார். 1920களில் சுலோவாகா என்ற ஓவியர் அந்தக் கோட்டையை விலைக்கு வாங்கிப் பட்டறை வைத்துக்கொண்டார்.

பெத்ராசாவின் குறை, அது மட்ரித்துக்கு மிகப் பக்கத்தில் இருப்பது. சனி, ஞாயிறு மதியங்களில் மட்ரித்வாசிகள் ஆட்டுக்குட்டி வறுவல் சாப்பிட வண்டி கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஊரில் குடியிருப்பவர்கள் சில நூறு பேர். சதுக்கத்தில் மதிய நேரத்தில் நிற்பவர்கள் அதைப்போலப் பல மடங்கு. ஜூலையில் மின்விளக்கை அணைத்துவிட்டு ஊர் முழுக்க மெழுகுவர்த்தி ஏற்றும் இரவுகள் இரண்டு உண்டு. அழகுதான், ஆனால் அமைதி தேடி வருகிறவர்கள் அந்த இரண்டு சனிக்கிழமைகளையும் தவிர்க்கவும். செவ்வாய், புதன் என்று போனால் ஊர் உங்களுடையது. ஆனால் பாதி உணவகங்களும் பூட்டியிருக்கும். இரண்டில் எது தேவலை என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அரகோன்: தூரம், ஆனால்

அரகோனில் கதை தலைகீழ். இங்கே கோட்டைகள் நிஜமாகவே எல்லையில் நின்றவை, அதனாலேயே நானூறு ஐந்நூறு ஆண்டு மூத்தவை. லோவார்ரே அதற்குச் சாட்சி. உவெஸ்கா நகருக்கு வடமேற்கே முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரம். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நவார்ரா மன்னர் மூன்றாம் சான்சோ மலை விளிம்பில் கட்டத் தொடங்கினார். கீழே பரந்து கிடந்த சமவெளி அப்போது முஸ்லிம் ஆட்சியில் இருந்தது. மேலே நின்றால் எதிரியின் வயலில் என்ன விளைகிறது என்றுகூடத் தெரிந்திருக்கும். பிறகு அரகோன் மன்னர் சான்சோ ராமிரெஸ் 1071 வாக்கில் துறவிகளைக் குடியேற்றிக் கோட்டைக்குள்ளேயே பெரிய தேவாலயத்தை எழுப்பினார்.

அந்த நுழைவாயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். படிக்கட்டு தேவாலயத்துக்கு அடியிலேயே ஏறுகிறது. இருட்டில் தலைகுனிந்து ஏறிப்போகிறீர்கள். உங்கள் தலைக்கு மேல் கருவறை. மேலே வந்து உள்ளே திரும்பினால் தூண் போதிகைகளில் சிற்பங்கள், அதற்கும் மேலே குவிமாடம். பாறையையும் சுவரையும் எங்கே பிரிப்பது என்று தெரியாதபடி கட்டியிருக்கிறார்கள். 1096இல் உவெஸ்கா நகரைப் பிடித்ததும் எல்லை தெற்கே நகர்ந்துவிட்டது, லோவார்ரேக்கு வேலையில்லாமல் போயிற்று. வேலை போனதுதான் நல்லதாயிற்று. யாரும் அதை இடித்துப் பெரிதாக்கவோ மாளிகையாக்கவோ மெனக்கெடவில்லை. காஸ்டீலில் நான் பார்த்த எல்லாக் கோட்டைகளையும் ஒரு தட்டில் வைத்தால், இது ஒன்றே மறு தட்டை இறக்கிவிடும். (2005இல் வந்த ‘கிங்டம் ஆஃப் ஹெவன்’ படத்தின் சில காட்சிகளை இங்கேதான் எடுத்தார்கள். அதைச் சொல்லித்தான் வழிகாட்டிகள் தொடங்குகிறார்கள்.)

லோவார்ரேக்குக் கிழக்கே அல்கேசர். அல்-கஸர் என்ற அரபுச் சொல்லே ஊர்ப் பெயராகிவிட்டது. கோட்டை இருந்த பாறையில் இப்போது தேவாலயம். அடியில் வேரோ ஆறு அறுத்த பள்ளத்தாக்கு. பாறைச் சுவரில் பதித்த இரும்பு நடைபாதை வழியாக ஆற்றோரமாகவே நடக்கலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான்காவது கோட்டையைவிட இது எவ்வளவோ மேல். வரலாற்றுப் பித்து உள்ளவர்கள் மேற்கே சோஸ் தெல் ரேய் கத்தோலிகோவுக்கும் ஒரு எட்டு போய்வரலாம். இசபெலைக் கைப்பிடித்த ஃபெர்தினாந்து 1452இல் பிறந்தது அங்கேதான்.

ஆனால் அரகோனுக்குப் போ என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் தெற்கே, தெருவேல் மாவட்டத்தில் இருக்கிறது. அல்பர்ராசின். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,170 மீட்டர் உயரம், ஆயிரம் பேர் வாழும் ஊர். பனூ ரஸீன் என்ற பெர்பர் குடும்பம் குறுநில அரசாக ஆண்டதால் வந்த பெயர். அதன் பிறகு அசாக்ரா என்ற கிறித்தவப் பிரபுக் குடும்பம் அரகோனுக்கும் பணியாமல் காஸ்டீலுக்கும் பணியாமல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் தனிக்காட்டு ராஜாவாக இருந்தது. ஊரைப் பார்த்தால் அந்தத் திமிருக்குக் காரணம் புரியும். குவாதலவியார் ஆறு முக்கால் வட்டமாகச் சுற்றி ஓடுகிறது. மிச்சம் இருக்கும் பக்கத்தை மதில் மலைமேல் ஏறி மூடுகிறது.

வீடுகளுக்கு அந்த மண்ணின் ஜிப்சத்தைக் குழைத்துப் பூசியிருக்கிறார்கள். காலையில் வெளிர் ரோஜா நிறம், மாலையில் செம்மண் நிறம். மரச் சட்டங்களுக்கு நடுவே அடைத்துக் கட்டிய சுவர்கள் மாடிக்கு மாடி தெருவுக்குள் துருத்திக்கொண்டு வருவதால், சில சந்துகளில் எதிரெதிர் வீட்டுக் கூரைகள் முட்டிக்கொள்ளும். கதவுகளில் பல்லி வடிவ இரும்புத் தட்டிகள். இதெல்லாம் தானாகப் பிழைத்ததல்ல. 1961இல் ஊரையே தேசியச் சின்னமாக அறிவித்தார்கள்; அதற்குப் பிறகு உள்ளூர் அறக்கட்டளை ஒன்று பட்டறை வைத்து, பழைய முறையிலேயே பூச்சு வேலையையும் மர வேலையையும் ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்து வீடுவீடாகச் செப்பனிட்டது.

அல்பர்ராசினிலும் பகலில் கூட்டம் உண்டு. ஆனால் மட்ரித்தும் வலென்சியாவும் எட்டத்தில் இருப்பதால் வருகிறவர்கள் சாயங்காலமே கிளம்பிவிடுகிறார்கள். ஒன்பது மணிக்கு மேல் ஆற்றுச் சத்தம் கேட்கும். மூன்று இரவு தங்கினால், ஒரு பகலுக்கு ஊரும் மதில் உச்சியும். இன்னொரு பகலுக்குப் பக்கத்துப் பைன் காட்டில் இருக்கும் வரலாற்றுக்கு முந்தைய பாறை ஓவியங்கள். மூன்றாவது பகலுக்கு, செந்நிறப் பாறையிலிருந்து முளைத்ததுபோல நிற்கும் பெராசென்சே கோட்டை. வழியில் தெருவேல் நகரின் முதேகார் கோபுரங்களைப் பார்த்துக்கொள்ளலாம். 1986இலேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறியவை.

இந்த அமைதிக்கு இன்னொரு முகமும் உண்டு. தெருவேல் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு ஒன்பது பேர்தான். இளைஞர்கள் போய்விட்டார்கள். ரயிலும் சாலையும் மருத்துவமனையும் கேட்டு 1999இல் தொடங்கிய மக்கள் இயக்கத்தின் பெயரே ‘தெருவேல் இருக்கிறது’ என்பதுதான். 2019இல் அவர்கள் நாடாளுமன்றத்துக்கே ஓர் உறுப்பினரை அனுப்பினார்கள். நமக்கு ரம்மியமாகத் தெரியும் வெறிச்சோடிய சாலை அங்கே குடியிருப்பவர்களுக்கு அப்படித் தெரிவதில்லை. பயணிக்கு இதில் நடைமுறைச் சங்கதியும் இருக்கிறது: பெட்ரோல் நிலையம் அடிக்கடி வராது, ஜனவரி, பிப்ரவரியில் உணவகம் திறந்திருக்கும் என்று நம்ப முடியாது.

எஸ்த்ரெமதுரா: நாரைகளும் கொள்ளைப் பணமும்

மட்ரித்திலிருந்து தென்மேற்கே 250 கிலோமீட்டர் நல்ல நெடுஞ்சாலையில் போனால் ட்ருஹியோ. பெரூவின் இன்கா அரசைக் கவிழ்த்த பிசார்ரோவின் ஊர். அமேசான் ஆற்றில் முதலில் இறங்கிப்போன ஐரோப்பியர் ஒரெயானாவும் இதே ஊர்க்காரர். குன்றின் மேல் அரபுக் காலக் கோட்டை, சதுக்கத்தில் குதிரைமேல் பிசார்ரோ சிலை, சுற்றிலும் அமெரிக்காவிலிருந்து வந்த பணத்தில் எழும்பிய மாளிகைகள். பிசார்ரோ குடும்பத்து மாளிகையின் மூலையில் பெரிய குலச்சின்னம் கல்லில் செதுக்கியிருக்கிறது. அழகாக இல்லை என்று சொல்ல முடியாது. அந்தப் பணம் யாருடையது என்ற நினைப்பு வராமலும் பார்க்க முடியாது.

பக்கத்திலேயே காசெரெஸ் பழைய நகரம். சண்டைக்கார பிரபுக்களின் வீட்டுக் கோபுரங்களை வெட்டிக் குட்டையாக்க இசபெல் ஆணையிட்டார். தப்பி உயரமாக நிற்பது நாரைக் கோபுரம். பெயருக்கேற்ப இன்றும் ஊரில் எந்தக் கோபுரத்தைப் பார்த்தாலும் வெண்நாரைக் கூடுதான். வசந்தத்தில் அவை அலகைத் தட்டும் சத்தமே ஊரின் பின்னணி இசை. மார்ச், ஏப்ரலில் போகிறவர்களுக்கு, கழுகு வட்டமிடும் மொன்ஃப்ராகுவே தேசியப் பூங்காவும் சேர்த்து, மூன்றிலும் இதுவே சிறந்தது என்று தயங்காமல் சொல்வேன். ஜூலை, ஆகஸ்ட் என்றால் வேண்டவே வேண்டாம். நாற்பது டிகிரி வெயிலில் கல் படிக்கட்டு ஏறுவதற்கு வேலூர்க் கோட்டையே போதும்.

அந்தலூசியாவின் வெள்ளை ஊர்களை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்பீர்கள். செதெனில், சஹாரா, ஒல்வேரா எல்லாம் கண்ணுக்கு விருந்துதான். ஆனால் மட்ரித்தில் இறங்கி ஒரு வாரம் என்ற கணக்குக்குள் அவை வராது. மலாகாவிலோ செவில்லிலோ இறங்குகிறவர்களுக்கு உரியவை.

காரும் சாப்பாடும்

தேர்வை உண்மையில் முடித்துவைப்பது இந்த இரண்டும்தான். கார் ஓட்ட மாட்டீர்கள் என்றால் விவாதமே இல்லை, காஸ்டீல். மட்ரித்தின் சமார்த்தின் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் அரை மணியில் செகோவியா. அங்கே தங்கிக்கொண்டு பேருந்தில் கோட்டை ஊரான குவேயார், மட்ரித் திரும்பும் முன் ஆவிலா என்று போய்வரலாம். ஆவிலாவில் இரண்டரைக் கிலோமீட்டர் மதில் முழுசாக நிற்கிறது. பெத்ராசாவுக்கு மட்டும் டாக்ஸி பேசிக்கொள்ள வேண்டும். எஸ்த்ரெமதுராவில் ட்ருஹியோவுக்கு ரயிலே கிடையாது, ஆனால் மட்ரித்திலிருந்து பேருந்து உண்டு. அல்பர்ராசினுக்குத் தெருவேலிலிருந்து பேருந்து இருக்கிறது என்பது உண்மை. அதை நம்பித் திட்டம் போடக்கூடாது என்பதும் உண்மை.

கார் எடுப்பவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். வலப்பக்கம் ஓட்டுவது அரை நாளில் பழகிவிடும். பழகாதது ஊருக்குள் சந்துகள்தான். ஒருமுறை கூகுள் மேப் சொன்னதைக் கேட்டு ஒரு கல் சந்துக்குள் நுழைந்து, இரண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கி, ஒரு பாட்டி வாசலில் நின்று கையை ஆட்டி வழிகாட்ட, பின்னோக்கியே வெளியே வந்தேன். வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது அந்தக் கீறலுக்கு வாங்கிய தொகையைச் சொன்னால் உங்களுக்கே வலிக்கும். முழுக் காப்பீடு எடுங்கள். மதிலுக்கு வெளியே இருக்கும் நிறுத்தத்தில் வண்டியை விட்டுவிட்டு நடங்கள். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

சைவர்களுக்கு மூன்றுமே சோதனைதான். பன்றி இறைச்சியை அவர்கள் காய்கறிக்கு உப்புப் போடுவதுபோலப் போடுகிறார்கள். செகோவியாவின் பெரிய வெள்ளை மொச்சைக் குழம்பு பார்க்க நம் வீட்டுக் குழம்பு போலவே இருக்கும், உள்ளே சொரீசோ என்ற பன்றித் தொத்திறைச்சி கிடக்கும். ‘சின் கார்னே’, அதாவது கறி வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது. ‘சின் ஹமோன், சின் பெஸ்காதோ’ என்று உப்புக்கண்டத்தையும் மீனையும் தனியாகச் சொல்லவேண்டும். எஸ்த்ரெமதுரா இதில் கொஞ்சம் தேவலை. சுட்ட குடைமிளகாய் சாலட் உண்டு. காசெரெஸ் பக்கத்து தோர்த்தா தெல் காசார் என்ற பாலாடைக் கட்டியைக் கன்றின் குடல் நொதியால் அல்ல, முட்செடிப் பூவால் உறைய வைக்கிறார்கள். அரகோனில் ‘போர்ராஹா’ என்ற கீரைத்தண்டை உருளைக்கிழங்கோடு வேகவைத்து ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருவார்கள். எனக்கு அது வீட்டை நினைவுபடுத்தியது. மதியச் சாப்பாடு இரண்டு மணிக்குத்தான், இரவு ஒன்பதுக்கு முன் அடுப்பே பற்றாது. குழந்தைகள் இருந்தால் பையில் ரொட்டியும் பழமும் இருக்கட்டும்.

கோட்டையிலேயே படுத்து எழவேண்டும் என்ற ஆசை இருந்தால் பராதோர் விடுதிகளைப் பாருங்கள். 1928இல் தொடங்கிய அரசு விடுதித் தொடர். பழைய கோட்டை, மடம் எல்லாவற்றிலும் அறை உண்டு. ஆனால் பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. தெருவேல், சோஸ் விடுதிகள் பழைய பாணியில் புதிதாகக் கட்டியவை. அதே தெருவேல் மாவட்டத்தில் அல்கன்யீஸ் விடுதிதான் நிஜக் கோட்டை. கலத்ராவா என்ற போர்த்துறவியர் சங்கத்தினுடையது; அதன் கோபுரச் சுவரில் 14ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் இன்னும் இருக்கின்றன. நான் ஒரு இரவுக்கு மேல் பரிந்துரைக்க மாட்டேன். காலைச் சிற்றுண்டி அருமை, ஆனால் ஊரோடு ஒட்டுறவு இருக்காது.

என் கையில் ஏழு இரவும் ஒரு காரும் கொடுத்தால் மே மாதமோ செப்டம்பர் இறுதியோ பார்த்து இப்படிப் போவேன். மட்ரித்திலிருந்து அரகோனின் தலைநகர் சரகோசா வரை ரயில், ஒன்றேகால் மணி நேரம். அங்கே வண்டி எடுத்துத் தெற்கே இறங்கி அல்பர்ராசினில் மூன்று இரவு. ஒரு இரவு அல்கன்யீஸ் கோட்டையில். பிறகு வடக்கே ஏறி அல்கேசரில் இரண்டு இரவு, அதில் ஒரு பகல் முழுக்க லோவார்ரேக்கு. கடைசி இரவு சரகோசாவில். வண்டியை எடுத்த இடத்திலேயே விட்டுவிடலாம், வேறு ஊரில் விட்டால் கேட்கும் கூடுதல் கட்டணமும் மிச்சம். மே மாதம்தானே என்று ஸ்வெட்டரை எடுக்காமல் போய்விடாதீர்கள். அல்பர்ராசின் இரவு கொடைக்கானல் இரவு மாதிரி குளிரும்.